வங்கி கடன் தராத ஆளுக்கு வீட்டைத் தவணையில் விற்பது எப்படி

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் எங்கள் அப்பா கட்டிய வீட்டை விற்க இரண்டு வருடம் அலைந்தேன். வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் வீடு பிடித்தது, கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காது என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் பிடித்தது, வங்கிக்கு மட்டும் பிடிக்கவில்லை. நத்தம் இடம் (அரசுக் கணக்கில் ஊர்க் குடியிருப்பு நிலம்), பழைய கட்டடம். வாங்க நினைத்தவரோ விசைப்படகு வைத்திருப்பவர். நல்ல மீன்பாடு கிடைத்தால் கையில் லட்சம் புரளும், ஆனால் மாதச் சம்பளச் சீட்டு காட்டு என்றால் எதைக் காட்டுவார்? கடைசியில் தரகரும் இல்லாமல் வங்கியும் இல்லாமல் அவருக்கே தவணையில் விற்றேன். இப்போது பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து யாராவது மாதம் ஒருவர் அதைப் பற்றிக் கேட்கிறார்கள், அதனால் செய்ததையும் செய்த தப்பையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

விஷயம் எளிதானது. வாங்குபவர் ஒரு தொகையை முன்பணமாகத் தருகிறார், மீதியை மாதாமாதம் உங்களுக்கே கட்டுகிறார், கட்டி முடித்ததும் கிரயம் செய்து கொடுக்கிறீர்கள். அதாவது வங்கி உட்கார வேண்டிய நாற்காலியில் நீங்கள் உட்காருகிறீர்கள். பணம் வரும் மாதங்களில் எல்லா ஒப்பந்தமும் நல்ல ஒப்பந்தம்தான். பணம் வராத மாதம் ஒன்று கண்டிப்பாக வரும், அந்த மாதத்துக்காகத்தான் எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள்.

இதை ஒத்தியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் பக்கம் "ஒத்திக்கு விட்டிருக்கேன்" என்பது சாதாரணப் பேச்சு. அதில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் வீடு திரும்பிவிடும், இதில் வீடு திரும்புவதற்காகப் போவதில்லை. அதே மாதிரி "பவர் எழுதிக் கொடுத்துடுங்கண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பவர் பத்திரத்தால் (நமக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

முதல் வேலை: காகிதங்கள்

தாய்ப்பத்திரம், பட்டா, புல வரைபடம், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் பட்டியல்). வில்லங்கத்தைப் பதிவுத் துறை இணையதளத்திலேயே போட்டுப் பார்க்கலாம், குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். எப்போதோ அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனுக்கு எழுதிக் கொடுத்த அடமானம், கடன் தீர்ந்தும் ரத்தாகாமல் உள்ளே கிடக்கும். எங்களுக்குக் கிடந்தது.

வாரிசுகள் விஷயத்தில் சோம்பல் கூடாது. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அம்மா, அண்ணன் தம்பி மட்டுமில்லை, கட்டிக்கொடுத்த அக்கா தங்கையும் கையெழுத்துப் போட வேண்டும். பரமக்குடியில் இருக்கும் என் தங்கை "நீயே வித்துக்கண்ணே, எனக்கு என்னத்துக்கு" என்றாள். அது பாசம், காகிதத்துக்குப் பாசம் தெரியாது, வந்து கையெழுத்துப் போடு என்று வண்டி அனுப்பிக் கூட்டிவந்தேன். கீழக்கரைப் பக்கம் வீடு பெண்பிள்ளை பேரில் இருப்பது வழக்கம், ஆகவே பேசுவது மருமகனாக இருந்தாலும் விற்பவர் அந்தப் பெண்தான். உடைமைக்காரர் துபாயிலோ சவூதியிலோ இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்ப வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், பெட்டியில் வைத்து மறந்துவிடக் கூடாது. (விற்பதற்கு இன்னொருவரை அமர்த்தும் இந்தப் பவர் வேறு, மேலே சொன்ன விற்பனைக்குப் பதிலான பவர் வேறு.)

கடற்கரை ஊர் என்பதால் இன்னும் இரண்டு. அரசு கொடுத்த இலவச மனை, சுனாமிக்குப் பிறகு கட்டித்தந்த வீடு என்றால் ஒப்படைப்பு ஆணையை எடுத்துப் படியுங்கள். விற்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தால் மேற்கொண்டு எதுவும் பேச வேண்டியதில்லை. அப்புறம், அலையேற்றக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. விற்கத் தடை இல்லை, ஆனால் இடித்துக் கட்டவும் மாடி எழுப்பவும் அனுமதி சுலபமாகக் கிடைக்காது. ராமேஸ்வரத்தில் லாட்ஜ் கட்டலாம் என்ற கனவோடு வருபவரிடம் இதை முதலிலேயே சொல்லி, சொன்னதை ஒப்பந்தத்திலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். பாதித் தவணையில் வந்து "ஏமாத்திட்டீங்க" என்று நிற்கமாட்டார்.

விலையும் தவணையும்

ரொக்க விலை ஒன்று, தவணை விலை ஒன்று என்று இரண்டு சொல்லுங்கள். மூன்று வருடம் காத்திருப்பதற்கு ஒரு கூலி வேண்டாமா? வட்டி என்று தனியாகப் போட்டால் அவருக்கும் மனக்கசப்பு, கந்துவட்டிப் பேச்சும் வரும், கணக்கும் சிக்கல். விலையிலேயே சேர்த்துவிடுவது நிம்மதி, என் அபிப்பிராயம் அதுதான்.

ஒரு கணக்குக்கு 24 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 6 லட்சம், மீதி 18 லட்சம். மூன்று வருடம், 36 மாதம், மாதம் 50 ஆயிரம். காகிதத்தில் அழகாக வகுபடுகிறது. நானும் இப்படித்தான் எழுதிக்கொண்டு போனேன். படகுக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, மாசம் அம்பதாயிரம் சரிதான். தடைக்காலத்துல எங்கேருந்து கொண்டாருவேன்? கடலையா அடமானம் வைக்க?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாளில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, இன்ஜின் பிரிப்பது, வலை வாங்குவது எல்லாம். வரவு நின்று செலவு மட்டும் ஓடும் காலம். அதற்குள் இரண்டு தவணை வைத்தால் அவர் தவறுவார் என்று தெரிந்தே வைத்த மாதிரி ஆகும். ஆகவே மே, ஜூன் இரண்டு மாதமும் தவணை இல்லை, மற்றப் பத்து மாதமும் 60 ஆயிரம் என்று மாற்றினோம். வருடத்துக்கு 6 லட்சம், மூன்று வருடத்தில் அதே 18 லட்சம். ஒரு மாதம்கூட அதிகமாகவில்லை, அவருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. வாங்குபவர் முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் மிளகாய் போடுபவர் என்றால் இதே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டியிருக்கும், வற்றல் விற்கும் மாதங்களில் பெரிய தவணை, விதைக்கும் மாதங்களில் சின்னத் தவணை. வெளிநாட்டிலிருந்து பணம் வரும் குடும்பத்துக்குத்தான் மாதச் சம்பளக் கணக்கு பொருந்தும். அவருக்குப் பணம் எந்த மாதத்தில் வருகிறது என்று கேட்காமல் தவணை எழுதாதீர்கள்.

எந்த வழியில் எழுதுவது

இரண்டு வழி உண்டு. ஒன்று, கிரய ஒப்பந்தம் மட்டும் பதிவு செய்து, கடைசித் தவணை வந்ததும் கிரயப் பத்திரம். வீடு அதுவரை உங்கள் பேரில்தான் இருக்கும். ஒப்பந்தம் மட்டும் சொத்தில் அவருக்கு எந்த உரிமையும் தந்துவிடாது என்று 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டமே சொல்கிறது. இரண்டு, கிரயத்தை முதலிலேயே செய்து கொடுத்து, மீதித் தொகைக்கு அதே வீட்டை அவர் உங்களுக்கு அடமானம் எழுதிப் பதிந்து கொடுப்பது.

தவணை மூன்று வருடத்துக்குள் என்றால் முதல் வழி, அதற்கு மேல் நீண்டால் இரண்டாவது வழி என்று நான் சொல்வேன். காரணம் காலவரம்பு. ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி வழக்குப் போட, அதில் குறித்த கடைசித் தேதியிலிருந்து மூன்று வருடம்தான். அடமானப் பணத்தை வசூலிக்கப் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. முதல் வழியில் போகிறவர்கள் "தவணை முடிந்ததும் கிரயம்" என்று மொட்டையாக எழுதாமல், கிரயத்துக்கு ஒரு தேதியைப் போடுங்கள். தேதி இல்லாத ஒப்பந்தத்தில் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே ஒரு வழக்காகிவிடும்.

இரண்டாவது வழியில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பத்திர எழுத்தரின் கம்ப்யூட்டரில் "கிரயத் தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டு" என்ற வரி ஏற்கெனவே அடித்து வைத்திருக்கும், பேரையும் சர்வே எண்ணையும் மட்டும் மாற்றுவார். விற்றவருக்குப் பாக்கி இருந்தால் அந்தச் சொத்தின் மேலேயே வசூலிக்கும் உரிமையைச் சட்டம் தருகிறது. ஆனால் முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டபின் எந்தப் பாக்கியைக் கேட்பீர்கள்? எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, எதற்கு அடமானம் என்று அதே பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

மதிப்பைக் குறைத்து எழுதும் பழக்கமும் இந்த மாதிரி விற்பனைக்கு ஆகவே ஆகாது. 24 லட்சத்துக்குப் பேசி 12 லட்சம் என்று எழுதினால், மீதி 12 லட்சம் வெறும் வாய்ப்பேச்சு. ரொக்கமாக ஒரே நாளில் வாங்கும்போது அது வரிக் குற்றத்தோடு நிற்கும், தவணையில் பாதி வீட்டையே இழக்க வைக்கும்.

பணம் வராத மாதம்

ஒப்பந்தத்தில் பேர், ஆதார், பான், நான்கு மால் (நாலு பக்க எல்லை), விலை எல்லாம் எழுத்தரே எழுதிவிடுவார். கீழே சொல்பவற்றை நீங்கள்தான் சொல்லி எழுத வைக்க வேண்டும்.

தவணை தேதி தாண்டினால் எத்தனை நாள் பொறுப்பீர்கள்? நாங்கள் 15 நாள் போட்டோம். தொடர்ந்து எத்தனை தவணை தவறினால் ஒப்பந்தம் முறியும்? மூன்று. முறிப்பதற்கு முன் தபாலில் எழுத்து அறிவிப்பு, அதிலிருந்து 30 நாள் அவகாசம். இதுவரை சரி. நம் கடலுக்கென்று இன்னொரு ஆபத்து இருக்கிறது: எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் ஆட்கள் திரும்பினாலும் படகு பல நேரம் திரும்புவதில்லை. அன்றோடு அவருடைய பிழைப்பே நின்றுபோகும். அதற்கும் ஒரு வரி எழுதுங்கள், ஆறு மாதம் தவணை நிறுத்தம், கிரயத் தேதியும் ஆறு மாதம் தள்ளும் என்பது போல. நாங்கள் எழுதவில்லை. இரண்டாவது வருடம் அவர் படகு இன்ஜின் போய் மூன்று மாதம் பணம் வரவில்லை, மனிதர் ஓடிப்போகிறவர் இல்லை என்று தெரிந்தும் எனக்குத் தூக்கம் போனது, கடைசியில் துணை ஒப்பந்தம் ஒன்று எழுதி அதையும் பதிந்து தேதியைத் தள்ளினோம். வீண் செலவு, வீண் மனஸ்தாபம்.

முறிந்தால் கட்டிய பணம் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். "முழுவதும் பறிமுதல்" என்று எழுதிக்கொள்ள ஆசையாக இருக்கும், நீதிமன்றத்தில் அது நிற்காது, உங்களுக்கு ஏற்பட்ட நியாயமான நஷ்டம் அளவுக்குத்தான் பிடிக்க விடுவார்கள். முன்பணத்தில் இவ்வளவு, குடியிருந்த மாதத்துக்கு வாடகை மாதிரி இவ்வளவு, மீதியைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதுவது நியாயமும்கூட.

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். பதிவு செய்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறிவிடும். அது முறிந்துபோனாலும் நீங்கள் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது, ரத்து ஆவணத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கோபத்தில் போனவர் வரமாட்டார், அவர் வராதவரை அடுத்த ஆள் வீட்டை வாங்கமாட்டார். ஆகவே திருப்பித் தரும் பணத்தை வீட்டில் வைத்துக் கொடுக்காமல், ரத்து ஆவணம் பதியும் அன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் டிடியாகக் கொடுப்பேன் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். அவரை அங்கே வரவழைக்க உங்கள் கையில் இருப்பது அந்த ஒரு டிடிதான்.

சாவி எப்போது? என் பெரிய தப்பு இதில்தான். மகள் கல்யாணம் என்றார், ஒப்பந்தம் போட்ட வாரமே சாவியைக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது மாதம் போய்ப் பார்த்தால் பின்பக்கச் சுவரை இடித்து அடுப்படியைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறார். "நம்ம வீடுதானேண்ணே" என்கிறார். அவர் சொல்வதும் தப்பில்லை, இடிக்கக் கூடாது என்று நான் எழுதவில்லை. பதிவு செய்த ஒப்பந்தத்தோடு சுவாதீனமும் (வீட்டைக் கையில் ஒப்படைப்பது) கொடுத்துவிட்டால், அவர் தன் பங்கைச் செய்துகொண்டிருக்கும்வரை அவரை வெளியேற்ற முடியாது. பாதிப் பணம் வந்தபின் சாவி என்பது நல்ல கணக்கு. முன்னாலேயே கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இடிப்பது, கட்டுவது, ஒத்திக்கோ உள்வாடகைக்கோ விடுவது எதுவும் கூடாது, வீட்டு வரியும் மின்கட்டணமும் அவர் பொறுப்பு, உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை விழுந்தால் பூசுவது யார் என்பதுவரை எழுதுங்கள். சாவி, பத்திரம் இரண்டும் சேர்ந்து கையை விட்டுப் போகக் கூடாது, பணம் முழுதாக வரும்வரை ஏதாவது ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

இரண்டு பேரில் யார் இறந்தாலும் வாரிசுகளை ஒப்பந்தம் கட்டும் என்று ஒரு வரி. சொல்லக் கூச்சமாக இருக்கும், எழுதிவிடுங்கள்.

பதிவும் வரியும்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சியோடு பீரோவில் வைத்துக்கொள்ளும் காலம் போய்விட்டது. பதிவு வாங்குபவருக்கும் பாதுகாப்பு, வில்லங்கத்தில் அவர் ஒப்பந்தம் தெரிவதால் நீங்கள் இன்னொருவருக்கு விற்க முடியாது. இதைச் சொன்னால்தான் 6 லட்சத்தை நம்பித் தருவார்.

கடைசியில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 24 லட்சத்துக்கு 2 லட்சத்து 16 ஆயிரம், வழக்கமாக வாங்குபவர் செலவு. தவணையை அடைத்து முடித்த களைப்பில் இருப்பவருக்கு இது மலை மாதிரி தெரியும், முதல் நாளிலேயே சொல்லிவையுங்கள். கிரயம் நடக்கும் நாளில் உள்ள வழிகாட்டி மதிப்பைத்தான் (அந்த இடத்துக்கு அரசு குறித்து வைத்த மதிப்பு) பார்ப்பார்கள், நடுவில் அது ஏறி உங்கள் விலையைத் தாண்டினால் தீர்வையும் ஏறும்.

பணத்தை ரொக்கமாக வாங்காதீர்கள். சொத்து விற்பனையில் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால் பெற்ற தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. மீன் ஏலம் முடிந்து பையில் பணத்தோடு நேராக வீட்டுக்கு வருவார், ஐஸ் வாசனையோடு. டீ கொடுத்து உட்கார வைத்து, வங்கியில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். தவணைக்கென்றே தனிக் கணக்கு ஒன்று இருந்தால் மூன்று வருடம் கழித்துப் பாஸ்புக் ஒன்றே சாட்சி.

லாபத்துக்கு வரி உண்டு. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் இப்போது 12.5 சதவீதம், 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால் விலைவாசிக் கணக்கைக் கழித்து 20 சதவீதம் என்ற கணக்கையும் போட்டு, குறைவானதைக் கட்டலாம். இன்னொரு வீடு வாங்கினால் விலக்கும் கிடைக்கும். தவணையில் விற்பவர் கவனிக்க வேண்டியது வேறு: பதிவு செய்த ஒப்பந்தத்தோடு சுவாதீனம் கொடுத்துவிட்டால் அந்த வருடமே விற்றதாகக் கணக்கு. பணம் மூன்று வருடத்தில் வரும், வரி முதல் வருடமே வரும். சாவி கொடுக்குமுன் ஆடிட்டரைப் பாருங்கள் என்பது இதற்காகத்தான். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒவ்வொரு தவணையிலும் ஒரு சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் 50 லட்சம் என்ற வரம்பே கிடையாது, பிடித்தமும் அதிகம்.

கடைசி நாள்

கடைசித் தவணையை மட்டும் முன்னதாக வாங்காமல், கிரயத்தன்று டிடியாக வாங்குங்கள். முந்தின நாள் வில்லங்கம் ஒருமுறை போட்டு அவர் கையில் கொடுத்துவிடுங்கள், கேட்காமலே கொடுத்தால் மரியாதை. பத்திரத்தில் பழைய ஒப்பந்தத்தின் எண்ணும் தேதியும் வந்திருக்கிறதா, தவணை வந்த விவரம் சரியா என்று பாருங்கள். கையெழுத்தும் கைரேகையும் முடிந்ததும் தாய்ப்பத்திரம், பழைய ரசீதுகள் எல்லாவற்றையும் பட்டியல் எழுதி, வாங்கிக்கொண்டேன் என்று அவர் கையெழுத்தோடு ஒப்படையுங்கள்.

அன்றே பட்டாவுக்கும் வீட்டு வரிக்கும் மின் இணைப்புக்கும் பேர் மாற்ற மனு கொடுக்க வையுங்கள். நாங்கள் பிரியாணி சாப்பிட்டுக் கலைந்துவிட்டோம், மின் இணைப்பை மாற்றவில்லை. எட்டு மாதம் அவர் வீட்டுக் கரண்ட் பில் என் போனுக்குத்தான் வந்தது.